சீசன் காத்திருக்காது: பெருந்தொற்றுக் காலமும் உள்ளாட்சியின் பொறுப்பும்

2020 ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் வழக்கம்போல் தண்ணீர் கொட்டியது. குளிக்கத்தான் ஆள் இல்லை. மார்ச்சில் விதித்த தடை டிசம்பர் நடுவில்தான் நீங்கியது. அதற்குள் சீசன் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. 2021 ஏப்ரலில் மறுபடியும் தடை வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் விலகியது. ஆக, அடுத்தடுத்து இரண்டு சீசன்கள் கைவிட்டுப் போயின. நேந்திரம் சிப்ஸ் வறுப்பவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், துண்டு விற்பவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி வைப்பவர், விடுதி அறை துடைப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்று அந்த ஊரில் எத்தனையோ பேருக்கு ஆண்டு முழுவதும் வேகும் சோறு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தொண்ணூறு நாட்களில்தான் உலையேறுகிறது.

தடை விதித்தது தவறு என்று வாதிடுவது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. அந்த நேரத்தில் உயிரைக் காப்பதற்கு மிஞ்சிய கடமை எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தடையும் ஒரு நாள் விலகித்தான் ஆக வேண்டும். அந்த நாள் எது, எந்தக் கடை முதலில் திறக்கும், எத்தனை பேரை உள்ளே விடுவது, வரிசை எங்கே நிற்கும், மீறினால் யார் கேட்பது என்ற கேள்விகளுக்கு அன்று யாரிடமும் ஆயத்தமான விடை இல்லை. பெருந்தொற்றின் நடுவே பருவகாலத் தொழில்களைப் பாதுகாப்பாகத் திறப்பதில் உள்ளாட்சி அமைப்புகள் இங்கும் வெளிநாடுகளிலும் என்ன செய்தன, எங்கே தடுக்கின, நாம் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே தொகுத்துப் பார்க்கலாம். பார்த்து முடிக்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்றுதான்: பூட்டுவதற்கு ஓர் அரசாணை போதும்; திறப்பதற்கு ஊரை அறிந்தவர்கள் வேண்டும்.

பருவத் தொழிலின் தனி நெருக்கடி

ஆண்டு முழுவதும் நடக்கும் மளிகைக் கடை மூன்று மாதம் மூடிக் கிடந்தால் ஆண்டு வருமானத்தில் கால் பங்கை இழக்கும். பருவத் தொழில் அதே மூன்று மாதம் மூடினால் முழு ஆண்டையும் இழந்துவிடும். இழப்பு அதோடு நிற்பதும் இல்லை. சீசன் கடைக்காரர் ஏலத் தொகையை முன்கூட்டியே கட்டியிருப்பார். சரக்கைக் கடனுக்கு எடுத்திருப்பார். வேலையாட்களுக்கு முன்பணம் கொடுத்திருப்பார். வருமானம் வராமல் போகும் ஆண்டில் வட்டி மட்டும் தவறாமல் வரும்.

ஊட்டியில் ஏப்ரலும் மேயும் முதல் சீசன். செப்டம்பரும் அக்டோபரும் இரண்டாம் சீசன். அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி 2020-லும் 2021-லும் நடக்கவில்லை. 124-ஆவது கண்காட்சி 2022 மே மாதம்தான் நடந்தது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் பெருவிழா, அந்த இரண்டு ஆண்டுகளிலும் பக்தர்கள் கூட்டமின்றி நடந்தது. மெழுகுவர்த்தியும் மாலையும் விற்பவர்களுக்கு அந்தப் பதினொரு நாட்களுக்கு மாற்றாக வேறு நாட்கள் கிடையாது.

சில தொழில்களில் நாட்காட்டியையே நகர்த்த முடிந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் இருக்கும் மீன்பிடித் தடைக்காலத்தை, ஊரடங்கில் கடலுக்குப் போகாமல் இழந்த நாட்களை மனத்தில் கொண்டு, 2020-இல் ஒன்றிய அரசு மே 31 வரை 47 நாட்களாகக் குறைத்தது. மீனவர்களுக்கு இரண்டு வாரம் மீண்டது. விதி ஒன்றே ஆனாலும் காலத்தின் அருமை அறிந்து அதை வளைக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அருவியையும் திருவிழாவையும் மலர்க் கண்காட்சியையும் இப்படி நகர்த்த இயலாது. அங்கே நாம் நகர்த்தக்கூடியவை இடமும் நேரமும் ஆட்களின் எண்ணிக்கையும்தான். இந்த மூன்றும் எந்தத் தலைமைச் செயலகத்தின் கையிலும் இல்லை. ஊரின் கையில் இருக்கின்றன.

அதிகாரம் யாரிடம் இருந்தது

2020 மார்ச் 25-இல் நாடெங்கும் தொடங்கிய ஊரடங்கு, 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டப்படி மாவட்ட அளவில் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்க வேண்டும். ஆட்சியர் அதன் தலைவர். உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி இணைத் தலைவர். சட்டம் எழுதியவர்கள் தெளிவாகத்தான் யோசித்திருக்கிறார்கள்: உத்தரவு போடும் அலுவலரின் பக்கத்தில், அந்த உத்தரவு யார் வீட்டு அடுப்பை அணைக்கும் என்று அறிந்த ஒருவர் உட்கார வேண்டும்.

அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் பொதுச் சுகாதாரமும் ஒன்று. தமிழகத்துக்கு இதைவிடப் பழைய மரபும் உண்டு. 1939-ஆம் ஆண்டின் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம், சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மக்கள் கூடும்போது சுகாதார ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. காலராவும் அம்மையும் திருவிழாக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் பயணித்த காலத்தில் பிறந்த சட்டம் அது. கூட்டம் வரும் என்றால் நோயும் வரலாம், ஆகவே முன்கூட்டியே கிணற்றையும் கழிப்பிடத்தையும் பார்த்து வை என்பது அதன் சாரம். 2020 செப்டம்பரில் முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாயும், பொது இடத்தில் எச்சில் துப்பியவருக்கு 500 ரூபாயும், விதி மீறிய வணிக நிறுவனங்களுக்கு 5,000 ரூபாயும் அபராதம் விதிக்க இதே சட்டம்தான் திருத்தப்பட்டது. அபராதப் பகுதியை நாம் உடனே எடுத்துக்கொண்டோம். ஏற்பாடு செய்யும் பகுதியை அதே வேகத்தில் எடுத்துக்கொண்டோமா என்பதுதான் கேள்வி.

இடம்: பேருந்து நிலையமும் கோயம்பேடும்

ஊரடங்கின் முதல் வாரங்களில் தமிழக உள்ளாட்சிகள் செய்த ஒரு காரியத்தைப் பெருமையோடு நினைவுகூரலாம். பேருந்துகள் ஓடாமல் காலியாகக் கிடந்த பேருந்து நிலையங்களும் பள்ளி மைதானங்களும் காய்கறிச் சந்தைகளாயின. கோவையில் உழவர் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கு மாறின. திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது. தரையில் சுண்ணாம்பால் வட்டமும் கட்டமும் போட்டு, கடைக்கும் கடைக்கும் இடைவெளி விட்டு, நடக்க ஒரு வழியும் திரும்ப ஒரு வழியும் ஒதுக்கினார்கள். இதற்குப் பெரிய செலவு ஆகவில்லை. ஊரில் எந்த இடம் காலியாக இருக்கிறது, அங்கே லாரி திரும்புமா, நிழல் இருக்குமா, குடிநீர்க் குழாய் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் இருந்ததால் ஒரு வாரத்தில் முடிந்தது.

அப்படி முடியாமல் போனதற்குச் சான்று சென்னையின் கோயம்பேடு மொத்தச் சந்தை. சந்தையைப் பிரித்து வெவ்வேறு இடங்களுக்கு மாற்றும் பேச்சு 2020 ஏப்ரலிலேயே எழுந்தது. வியாபாரிகளோடு உடன்பாடு எட்டவில்லை. சந்தையின் நிர்வாகம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ், சுகாதாரம் மாநகராட்சியின் கீழ், கூட்டம் காவல்துறையின் பொறுப்பில் என்று மூன்று கைகளில் அதிகாரம் பிரிந்து கிடந்தது. ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று வெடித்தது. மே 5-இல் சந்தை மூடப்பட்டது. அதற்குள் ஊர் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளர்களோடு அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று கிராமங்கள் வரை தொற்று போய்ச் சேர்ந்திருந்தது. மே இரண்டாம் வாரத்தில் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. அவசரத்தில் அமைந்த இடம் என்பதால் மழை பெய்தபோதெல்லாம் அது சேறாகி, மூட்டை மூட்டையாகக் காய்கறி வீணானது. கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் மீண்டும் தொடங்கியது செப்டம்பர் 28-இல்.

ஏப்ரல் தொடக்கத்தில் விரும்பி நகர்ந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒழுங்கு, மே மாதம் விரட்டி நகர்த்தியபோது கிடைக்கவில்லை. வியாபாரியின் அச்சம் நியாயமானது: இடம் மாறினால் வாடிக்கை போய்விடும், திரும்பி வரும்போது பழைய கடை கிடைக்குமா என்று தெரியாது. அந்த அச்சத்துக்கு எழுத்தில் ஓர் உறுதிமொழி கொடுத்திருக்கலாம். இத்தனை நாள் அங்கே, பிறகு உன் கடை உனக்கே என்று சொல்லும் அதிகாரமுள்ள ஒரே கை இருந்திருந்தால் பேச்சு முடிந்திருக்கும்.

உலகின் வேறு நகரங்கள் இடத்தை எப்படிக் கொடுத்தன என்பதையும் பார்ப்போம். லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸில், மாநகராட்சி 2020 ஏப்ரல் கடைசியிலேயே நகரின் சதுக்கங்களை உணவகங்கள் மேசை போட்டுக்கொள்ள இலவசமாகத் திறந்துவிட்டது. நியூயார்க் மாநகராட்சி ஜூன் 22-இல் தொடங்கிய திட்டத்தில், நடைபாதையிலும் சாலையோர வண்டி நிறுத்தத்திலும் மேசை போட உணவகங்களுக்கு அனுமதி கொடுத்தது. விதிகளைப் பின்பற்றுவதாக உணவகமே உறுதியளித்து விண்ணப்பித்தால் போதும்; பல மேசைகளில் கோப்பு ஏறி இறங்க வேண்டியதில்லை. 10,000-க்கும் மேற்பட்ட உணவகங்கள் சேர்ந்தன. இது நன்றாக நடந்ததால் 2023-இல் நிலையான சட்டமாகியது. சாலையில் மேசை போடுவது ஏப்ரல் முதல் நவம்பர் வரையான பருவ அனுமதி என்று அதில் வரையறுத்தார்கள். அவசரகால ஏற்பாடு ஒன்று ஊரின் நிரந்தர வழக்கமாகியது இப்படித்தான்.

நேரம்: குறைத்தால் கூடும் கூட்டம்

நேரத்தைக் கையாண்டதில் நாம் பெரும் தவறு செய்தோம். கடை திறக்கும் நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்று நம்பினோம். நடந்தது நேர்மாறு. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்கள் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது, முந்தின நாள் 25-ஆம் தேதி கடைகளின் முன்னே மக்கள் முண்டியடித்தார்கள். ஒரு வாரம் பிரிந்து வந்திருக்க வேண்டிய கூட்டம் ஒரே முற்பகலில் வந்தது. 2021 மே 24-இல் தளர்வில்லா ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பும் அதே காட்சி.

ஆனால் அந்த மே மாதத்தில் ஒரு பாடமும் கற்றோம். கடைகளை மூடிய நாட்களில் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து வண்டிகளில் காய்கறியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோயின. மக்கள் சந்தைக்குப் போகாமல் சந்தை மக்களிடம் வந்தது. தள்ளுவண்டிக்காரருக்கு அனுமதிச் சீட்டு, இன்ன தெருவுக்கு இன்ன வண்டி என்ற பட்டியல், விலைப் பலகை ஆகியவற்றை அந்தந்த ஊர் அலுவலகமே ஏற்பாடு செய்தது. சீசன் ஊர்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். அருவிக்கரையில் பகல் முழுதும் ஒரே கூட்டமாக விடுவதைவிட, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று நாளெங்கும் பரப்பினால் கூட்டமும் தளரும், கடைக்கும் வியாபாரம் சீராக வரும். திறந்திருக்கும் நேரத்தை நீட்டுவதுதான் நெரிசலைக் குறைக்கும் வழி.

எண்ணிக்கை: கட்டமும் கயிறும் இ-பாஸும்

ஸ்பெயின் நாட்டின் பெனிடோர்ம் கோடைக் கடற்கரைக்குப் பேர்போன ஊர். 2020 ஜூனில் கடற்கரையைத் திறந்தபோது, அவ்வூர் நகரவை மணலைக் கயிறு கட்டிச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்தது. வருபவர் இணையத்தில் கட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். மணலில் வழிகாட்டப் பணியாளர்கள் நின்றார்கள். இத்தாலியில் ஒரு கடற்கரைக் குடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் என்று அளவு வகுத்தார்கள். இந்த அளவுகளின் சிறப்பு அவற்றின் எளிமைதான். சமூக இடைவெளி கடைப்பிடிக்கவும் என்று பலகை எழுதி வைப்பதற்கும், இந்தக் கயிற்றுக்குள் உன் குடும்பம் என்று காட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னது ஆளாளுக்கு ஒரு பொருள் தரும். பின்னதைக் குழந்தையும் புரிந்துகொள்ளும்.

தமிழகத்தில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வந்த கருவி, இணையத்தில் பெறும் பயண அனுமதியான இ-பாஸ். 2020 செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பயணிக்க இ-பாஸ் தேவையில்லை என்று அறிவித்தபோதும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலை ஊர்களுக்கு மட்டும் ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். அந்தச் செப்டம்பரில் ஊட்டிப் பூங்காக்கள் திறந்தன. எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்ததால், பூங்காவையும் விடுதியையும் மருத்துவமனையையும் அதற்கேற்ப ஆயத்தம் செய்ய வாய்ப்புக் கிடைத்தது. மலை மாவட்டத்தில் மருத்துவப் படுக்கைகளுக்கு ஓர் எல்லை உண்டு. வெளியூர்க் கூட்டத்தை அந்த எல்லையோடு பொருத்திப் பார்த்தது சரியான அணுகுமுறை.

அதே இ-பாஸ் முதலில் நடைமுறைக்கு வந்த மாதங்களில், காரணம் சொல்லாமல் விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. காசு வாங்கி அனுமதி வாங்கித் தரும் இடைத்தரகர்கள் பற்றிப் புகார்கள் எழுந்தன. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் உடனடி அனுமதி என்று மாற்றிய பிறகே அந்தச் சிக்கல் தளர்ந்தது. எண்ணிக்கை வரம்பு நல்லது. வரம்பு எவ்வளவு, இன்று எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை எல்லாரும் பார்க்கும்படி வைத்தால் மட்டுமே அது நல்லது.

அறிவியல்: தெளிப்பானும் சன்னலும்

உள்ளாட்சிகள் ஊக்கத்தோடு செய்த காரியங்களுள் சில பயனற்றவை, சில தீங்கானவை. 2020 ஏப்ரல் 1-இல் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையின் வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் நிறுவப்பட்டது. உள்ளே நடந்துபோகிறவர் மேல் மருந்து தெளிக்கும். செய்தி நாடெங்கும் பரவி, ஊர் ஊராக அதைப் பின்பற்றினார்கள். மனிதர்மேல் இரசாயனம் தெளிப்பது கண்ணுக்கும் தோலுக்கும் கேடு, உடலுக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது என்று ஒன்றியச் சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18-இல் அறிவுறுத்தியது. அதன் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக அகன்றன. அதை அமைத்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்லெண்ணத்துக்கு உடனே வழிகாட்ட ஒரு மருத்துவக் குரல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானின் சுகாதார அமைச்சகம் 2020 தொடக்கத்திலேயே மக்களுக்கு மூன்று சொற்களைக் கற்றுக்கொடுத்தது: அடைத்த அறை, நெரிசல், நெருங்கிய பேச்சு. இம்மூன்றையும் தவிர்த்தால் போதும். இந்த நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியே பரவுகிறது என்பது பின்னாளில் உறுதிப்பட்டபோது, அந்த அறிவுரை சரியென்று தெரிந்தது. இதைச் சீசன் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். திறந்தவெளியில் விற்கும் சுண்டல்காரரிடம் ஆபத்து குறைவு. கதவைச் சாத்தி ஏசி போட்ட உணவகத்தில் அதிகம். ஆனால் நம் நடைமுறையில் பலமுறை தலைகீழாக நடந்தது. உணவகங்கள் 2020 ஜூன் 8 முதல் சென்னை நீங்கலாகப் பாதி இருக்கைகளோடு திறந்தன. மெரினா கடற்கரையோ டிசம்பர் 14 வரை மூடிக் கிடந்தது. காற்றோட்டமான இடத்தை முதலில் திற, அடைத்த அறையைப் பிறகு திற என்ற வரிசையை அடுத்த முறை நாம் மறக்கக் கூடாது. எந்தக் கடைக்குச் சன்னல் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது உரிமம் வழங்கும் நகராட்சிக்குத் தெரியும்.

பணம்: பத்தாயிரம் ரூபாயும் ஏலத் தொகையும்

பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கக் காசு வேண்டும். பாதி இருக்கையை எடுத்துவிட்ட உணவகம் பாதி வருமானத்தில் முழு வாடகை கட்டுகிறது. பட்டினி கிடப்பவர் விதியை மீறத்தான் செய்வார். ஆகவே பண உதவியையும் சுகாதார நடவடிக்கையாகவே கருத வேண்டும்.

ஒன்றிய அரசு 2020 ஜூன் 1-இல் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி திட்டம், மார்ச் 24-க்கு முன்பு நகரங்களில் வியாபாரம் செய்துவந்த தெருவோர வணிகர்களுக்கு ஈடில்லாமல் 10,000 ரூபாய் கடன் கொடுத்தது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். விற்பனைச் சான்றோ அடையாள அட்டையோ இல்லாதவர்களுக்கு நகர உள்ளாட்சி பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம். திட்டம் நல்லது. ஆனால் உள்ளாட்சியின் பட்டியலில் பெயர் இருப்பவருக்கே வழி எளிது. ஜூன் மாதம் மட்டும் வந்து கடை போடுகிறவர், மார்ச்சில் வேறு ஊரில் கூலி வேலையில் இருந்தவர், எந்த ஊரின் பட்டியலில் இருப்பார்? பருவ வணிகர்களின் கணக்கெடுப்பைச் சீசன் நடக்கும்போதே எடுத்து வைத்தால்தான் இது தீரும். தெருவோர வணிகர்களுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நகர விற்பனைக் குழுவைக் கட்டாயமாக்கி, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வணிகர்களே இருக்க வேண்டும், அவர்களுள் மூன்றில் ஒருவர் பெண் என்று சொல்கிறது. அந்தக் குழு உயிரோடு இயங்கும் ஊரில் யாருக்கு உதவி வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

உள்ளாட்சியின் கையில் நேரடியாக இருப்பது ஏலமும் வாடகையும். அருவிக்கரைக் கடைகளையும் வண்டி நிறுத்தத்தையும் ஏலம் விடுவதால் சீசன் ஊருக்கு வருமானம் வருகிறது. அந்த ஒப்பந்தங்களில் சீசனே நடக்காமல் போனால் என்ன ஆகும் என்ற ஒரு பிரிவு இருக்க வேண்டும். அரசே மூடச் சொன்ன நாட்களுக்கு வாடகை இல்லை, கட்டிய தொகை அடுத்த சீசனில் வரவு வைக்கப்படும் என்று இரண்டு வரி எழுதினால், சிறு கடைக்காரர் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் தப்புவார். அந்த இழப்பை ஊர் மட்டும் தாங்க முடியாது. மாநில அரசு ஈடுசெய்ய வேண்டும்.

எதிர்த்திசை ஆபத்து

ஊரின் கையில் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் பிழை. அதற்கு ஆஸ்திரியாவின் இஷ்கில் சாட்சி. ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குச் சீசனை நம்பி வாழும் சிற்றூர் அது. 2020 மார்ச் 5-இல் ஐஸ்லாந்து அந்த ஊரை ஆபத்துப் பகுதியாக அறிவித்து எச்சரித்தது. உள்ளூர் அதிகாரிகள் அதன் கனத்தை உணரவில்லை. ஒரு மதுக்கூட ஊழியருக்குத் தொற்று உறுதியான பிறகும் சீசன் நாள்கணக்கில் தொடர்ந்தது. மார்ச் 13-இல் பள்ளத்தாக்கையே தனிமைப்படுத்தப்போவதாகத் திடீரென அறிவிக்க, வெளிநாட்டுப் பயணிகள் சில மணி நேரத்தில் முண்டியடித்து வெளியேறினார்கள். தொற்று ஐரோப்பா முழுவதும் போனது. ஏப்ரலில் எடுத்த ஆய்வில் அவ்வூர் மக்களில் 42.4 சதவீதத்தினருக்கு நோய் எதிர்ப்புக் கூறுகள் இருந்தன. அதிகாரிகள் தவறான முடிவுகள் எடுத்தார்கள் என்று அந்நாட்டின் சுயேச்சையான நிபுணர் குழு அக்டோபரில் கூறியது. சில நாள் வருமானத்தைக் காக்கப்போய், அடுத்த குளிர்காலச் சீசனையும் அந்த ஊர் இழந்தது.

நடுவண் அரசே முடுக்கிவிட்டாலும் இதே ஆபத்து உண்டு. ஜப்பான் 2020 ஜூலை 22-இல் உள்நாட்டுச் சுற்றுலாவுக்குச் சலுகை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, தொற்று ஏறியதும் டிசம்பர் 28-இல் நிறுத்தியது. ஊர்களின் ஆயத்தத்தைப் பார்க்காமல் கூட்டத்தை அனுப்பிவைத்தால் இப்படித்தான் முடியும். ஆகவே திறக்கும் முடிவில் இரண்டு குரல்கள் வேண்டும். ஒன்று, ஊரின் பிழைப்பை அறிந்த மன்றம். மற்றொன்று, அந்த மன்றத்துக்கு அஞ்சாமல் நிறுத்து என்று சொல்லக்கூடிய பொதுச் சுகாதார அலுவலர். முன்னது இல்லையென்றால் கதவு திறக்காது; பின்னது இல்லையென்றால் மூட வேண்டிய நேரத்தில் மூடாது.

காலியாக இருந்த நாற்காலி

இங்கேதான் தமிழகத்தின் பெரிய குறை தெரிகிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தது. பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில், தென்காசி உட்பட, 2021 அக்டோபரில்தான் நடந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதற்கும் 2022 பிப்ரவரி 19 வரை தேர்தல் இல்லை. அதாவது, கொரோனாவின் முதல் அலையும் இரண்டாம் அலையும் வந்துபோனபோது சென்னைக்கு மேயர் இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நகர்மன்றம் இல்லை. குற்றாலத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் பேரூராட்சித் தலைவர் இல்லை. 2020 அக்டோபர் 2-இல் நடக்க வேண்டிய கிராம சபைக் கூட்டங்களும் தொற்றைக் காரணம் காட்டி ரத்தாயின.

தனி அலுவலர்களும் ஆணையர்களும் இரவு பகலாக உழைத்தார்கள். தூய்மைப் பணியாளர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். அவர்களின் உழைப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஓர் அலுவலர் அரசாணைக்குப் பதில் சொல்பவர். தெருவில் எதிர்ப்படும் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வார்டு உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால், அருவியை டிசம்பர் வரை பூட்டி வைப்பதா, ஆகஸ்டில் நாளைக்குச் சில நூறு பேரை மட்டும் விட்டுப் பார்ப்பதா என்ற கேள்வியாவது ஒரு கூட்டத்தில் எழுந்திருக்கும். விடை எதுவாகவும் இருந்திருக்கலாம். கேள்வியே எழாமல் போனதுதான் இழப்பு.

இனி செய்ய வேண்டியவை

பெருந்தொற்று மறுபடி வரலாம். வெள்ளமும் நிலச்சரிவும் வருகின்றன. சீசன் ஊர் ஒவ்வொன்றும் ஓர் ஆபத்துக்காலச் சீசன் திட்டத்தை எழுதி, மன்றத் தீர்மானமாக நிறைவேற்றி வைத்திருக்க வேண்டும். பருவ வணிகர்கள், தொழிலாளர்களின் பட்டியல் அதில் முதலில் வர வேண்டும். மாற்றுச் சந்தைக்கான இடம், மழைக்கும் தாங்கும்படி, முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் என்ற அளவும், மருத்துவப் படுக்கை எவ்வளவு நிரம்பினால் அந்த அளவைக் குறைப்பது என்ற விதியும் எழுத்தில் இருக்க வேண்டும். ஏல ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பிரிவு வேண்டும். முன்வரிசைத் தொழிலாளர்களுக்குத் தடுப்பூசி முதலில் என்பதும் அதில் சேர வேண்டும். நீலகிரியில் சுகாதாரப் பணியாளர்கள் மலைக் குடியிருப்புகளைத் தேடிப் போய், 2021 ஜூன் முடிவதற்குள் பழங்குடியினரில் வயது வந்தோருக்குத் தடுப்பூசி போட்டு முடித்தார்கள். ஊரை அறிந்தவர்கள் இறங்கினால் எது சாத்தியம் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

தொற்றுக் காலத்தில் பிறந்த கருவி இன்றும் நம்மோடு இருக்கிறது. மலையின் தாங்குதிறனைக் கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் மீண்டும் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வந்தது. அந்த ஏப்ரலிலேயே நீலகிரி வணிகர்கள் எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள். ஊரோடு பேசி முடிக்க வேண்டிய எண்ணை நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்ததும், அதை ஊர் எதிர்த்ததும், நாம் பாடத்தைப் பாதிதான் கற்றிருக்கிறோம் என்று காட்டுகின்றன.

இப்போது நாற்காலி காலியாக இருந்தால் அதைச் சகித்துக்கொள்ளாதீர்கள். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் கேளுங்கள். ஆள் இருந்தால், அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: நாளை ஊரை மூட வேண்டி வந்தால், அதைத் திறப்பதற்கு நம்மிடம் என்ன திட்டம் இருக்கிறது? அந்தக் கேள்வியும் அதற்குக் கிடைக்கும் விடையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். அடுத்த சாரல் வருவதற்குள் அது முடியட்டும்.